எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திவிட்டு டி.பி.யைப் பார்க்கலாமா?

கேள்வி: என் அண்ணன் 2016 முதல் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை தவறாமல் எடுக்கிறார். இப்போது டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத டி.பி. என்று சளிப் பரிசோதனையில் வந்திருக்கிறது. ஆறு மாதம் மாத்திரை என்கிறார்கள். இவ்வளவையும் உடம்பு தாங்காது, டி.பி. குணமாகும்வரை எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திவைக்கலாம் என்கிறார் அம்மா. சரியா?

பதில்: நிறுத்தவே வேண்டாம். நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் மறுபடி பெருகும். டி.பி.யைச் சமாளிக்க உடம்பில் இருக்கிற கொஞ்சத் தெம்பும் போய்விடும். அம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

அண்ணன் இப்போது எடுப்பது எந்த ஏ.ஆர்.டி. மாத்திரை? 2016-ல் தொடங்கியவர் என்பதால் கேட்கிறேன். அன்று பலருக்கும் கொடுத்த கூட்டு மாத்திரையில் எஃபவிரென்ஸ் இருந்தது. ராத்திரி போட்டால் தலை கிறுகிறுக்கும், என்னென்னவோ கனவு வரும் என்பார்களே, அதுதான். பிறகு பெரும்பாலோரை டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணன் இன்னும் பழையதிலேயே இருந்தால் உடனே சொல்ல வேண்டும். எஃபவிரென்ஸ், டி.பி.க்குத் தரும் பெடாகுயிலினைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துத் தள்ளும்படி செய்துவிடும். மாத்திரை வயிற்றுக்குள் போகும், ரத்தத்தில் போதிய அளவு நிற்காது. ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுத்தாலும் சொல்லுங்கள். அதுவும் டி.பி. மருந்தான லினிசோலிடும் சேர்ந்தால் ரத்தம் கடகடவென்று குறையும்.

டி.பி.க்கு ஒரு இடம், ஏ.ஆர்.டி.க்கு ஒரு இடம் என்று அலைவதால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பதில்லை. இரண்டு அட்டையையும் ஒரே பையில் போட்டு, இரண்டு இடத்திலும் காட்டுங்கள்.

முன்பெல்லாம் இந்த டி.பி.க்கு ஊசியோடு ஒன்றரை வருஷத்துக்கு மேல் சிகிச்சை. பெடாகுயிலின், பிரெட்டோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் நான்கும் சேர்ந்த ஆறு மாத முறையை உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும்தான். இந்தியா 2024-ல் ஏற்றது. முதல் இரண்டு வாரம் தினமும் தரும் பெடாகுயிலினை அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள்தான் தருவார்கள். மாத்திரை விட்டுப்போச்சோ என்று பதற வேண்டாம். சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அடிக்கடி ஈ.சி.ஜி. எடுப்பார்கள். இதயத் துடிப்பின் லயத்தை இந்த மருந்துகள் பாதிக்கலாம் என்பதால்தான்.

நான் அதிகம் கவலைப்படுவது லினிசோலிட் பற்றி. பாதம் எரிகிறதா, மரத்துப்போகிறதா, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். தினமும் காலையில் சுவரிலுள்ள காலண்டர் தாளை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து மங்கினாலோ சிவப்பு வெளுத்துத் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. ரத்தம் குறைந்தால் யாராவது இரும்புச்சத்து டானிக் வாங்கித் தருவார்கள். லினிசோலிடால் வரும் சோகை, ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் தொடங்குவது. டானிக் அதைச் சரிசெய்யாது. மேலும் இரும்பும் கால்சியமும் நெஞ்செரிச்சல் சிரப்பும் டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரும்பும் அந்த சிரப்பும் மாக்ஸிஃப்ளாக்சசினையும் தடுக்கும். கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களையும் இந்த வாரமே பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.