பைகார்பனேட் 16: ஆல்கலைன் தண்ணீர் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. பல வருடச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) 2.6 இருக்கிறது. போன பரிசோதனையில் பைகார்பனேட் (ரத்தத்தில் அமிலத்தை முறிக்கும் காரப்பொருள்) 16 என்று வந்ததால் டாக்டர் சோடா மாத்திரை (சோடியம் பைகார்பனேட்) எழுதிக் கொடுத்தார். ஏப்பமும் வயிற்று உப்புசமும் தாங்கவில்லை என்று அம்மா அதை நிறுத்திவிட்டார். தண்ணீருக்குக் காரத்தன்மை ஏற்றும் ஆல்கலைன் வாட்டர் மெஷின் வாங்கலாம் என்கிறார் அப்பா. இளநீரும் எலுமிச்சைச் சாறுமே போதும் என்கிறார் சித்தி. என்ன செய்வது?

பதில்: மெஷின் வேண்டாம். இளநீர் கண்டிப்பாக வேண்டாம். டாக்டரிடம் பேசி மாத்திரையை மறுபடி தொடங்குங்கள்.

ரத்தத்தின் பி.ஹெச்., அதாவது அமில-கார அளவு, 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும். எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள். ஆனால் நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து தினமும் அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. எடையில் கிலோவுக்குச் சுமார் 1 மில்லிமோல் (வேதிப்பொருளின் அளவைக் குறிக்கும் அலகு). 60 கிலோ எடைக்கு 60 மில்லிமோல். மூச்சில் கரியமில வாயு போய்விடும், இந்த அமிலம் போகாது. ரத்தத்திலுள்ள பைகார்பனேட்தான் இதை உடனே பிடித்துச் செயலிழக்க வைக்கிறது, அதில் தானும் செலவாகிவிடுகிறது. செலவானதை ஈடுகட்டுவது சிறுநீரகம். குளூட்டமின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியா தயாரித்து, அமிலத்தை அதோடு சேர்த்துச் சிறுநீரில் தள்ளுகிறது. கூடவே புதிய பைகார்பனேட்டை ரத்தத்துக்குத் தருகிறது. சிறுநீரகத் திசு அழிய அழிய இந்த அம்மோனியா குறைகிறது. 22 முதல் 26 வரை இருக்க வேண்டிய பைகார்பனேட் அம்மாவுக்கு 16 ஆனது இப்படித்தான்.

வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. நுரையீரல் கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கிக் கரியமில வாயுவைக் குறைத்துச் சமாளிக்கும். எலும்பு தன்னிடமுள்ள காரத்தைக் கொடுக்கும், அதோடு கால்சியமும் கரையும். தசையில் புரதம் சிதையும், பொட்டாசியம் ஏறும். அம்மா தெம்பில்லை என்று சொன்னால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

இனி அப்பாவின் மெஷின். பி.ஹெச். 9 என்று விற்கும் 1 லிட்டர் தண்ணீரில் அந்த எண் காட்டும் காரம் 0.01 மில்லிமோல். 500 மி.கி. சோடா மாத்திரை ஒன்றில் இருப்பது கிட்டத்தட்ட 6 மில்லிமோல் பைகார்பனேட். ஒரு மாத்திரைக்கு ஈடாக 600 லிட்டர் குடிக்க வேண்டும்! ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு நோயாளிகளிடம் இதை விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எலுமிச்சையில் பெரும்பகுதி அமிலமாகவே இருப்பதால் காரம் பெரிதாக மிஞ்சாது. இளநீரில் ஆபத்தே இருக்கிறது. அதில் பொட்டாசியம் அதிகம். அம்மாவின் சிறுநீரகத்தால் அதைப் போதுமான அளவு வெளியேற்ற முடியாது. ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். லோ சோடியம் உப்பிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது, அதையும் தவிருங்கள். காய், பழங்களால் அமிலச் சுமை குறைவது உண்மை. ஆனால் எதை, எவ்வளவு என்பதைப் பொட்டாசியம் அளவைப் பார்த்து உணவு ஆலோசகர்தான் சொல்ல வேண்டும்.

ஏப்பம் ஏன் வருகிறது? சோடா இரைப்பை அமிலத்தோடு சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்புகிறது. அதே அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டால் பெரும்பாலும் குறையும். பிரிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரைக்குப் பதிலாகச் சமையல் சோடாவை அள்ளிப் போடாதீர்கள். ஒரு டீஸ்பூன் சுமார் 9 மாத்திரைக்குச் சமம், சோடியமும் அதே கணக்கில் சேரும். கால் வீக்கம், மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் கூடினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யவும் கூடாது. 1952-இல் கோபன்ஹேகன் போலியோ பரவலின்போது நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் கூடியிருந்தது. காரம் மிகுந்துவிட்டது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். மூச்சுத் தசை செயலிழந்து கரியமில வாயு தேங்கியதால் வந்த அமில நிலை அது என்று கண்டவர் மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன். தொண்டையில் துளையிட்டுக் கையால் காற்றை அழுத்திச் செலுத்தியதில் பல உயிர்கள் பிழைத்தன. அம்மாவுக்கு ஆஸ்துமா போன்ற நுரையீரல் தொல்லை இருந்தால் கரியமில வாயுவையும் அளக்கும் தமனி ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அடுத்த முறை பைகார்பனேட்டோடு பொட்டாசியத்தையும் பாருங்கள்.

சர்க்கரை மாத்திரைகளையும் எடுத்துப் பாருங்கள். இந்த கிரியாட்டினினுக்கு மெட்ஃபார்மின் ஏற்றதல்ல. இன்னும் போடுகிறார் என்றால் இன்றே டாக்டரைக் கேளுங்கள். டாபாகுளிஃபுளோசின், எம்பாகுளிஃபுளோசின் போன்றவை இருந்தால், சாப்பிட முடியாமல் வாந்தி எடுக்கும் நாளில் அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அந்த மாத்திரைகளால், சர்க்கரை மிக அதிகமாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் (கொழுப்பு சிதைவதால் வருவது) சேரலாம். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் நேரடியாக வெளியேறும், அம்மாவுக்கு அது ஒரே நாளில் நிலைமையை மோசமாக்கும். வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, மயக்கமாகக் கிடந்தாலோ காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போகும்போது மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.