வாசகர் கேள்வி பதில்: எண்ணெயைக் கட்டும் சிறு மூலக்கூறுகள்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கும் 12-ஹைட்ராக்ஸிஸ்டியரிக் அமிலத்தைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து ஜெல் செய்யப் பார்த்தோம். ஒரு தடவை அடியில் வெள்ளையாகப் படிந்தது. மறு தடவை கொழகொழவென்று ஆகி எண்ணெய் கசிந்தது. எங்கே தவறு?
– ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலில் டப்பாவின் லேபிளைப் பாருங்கள். மெழுகுவத்திக்குப் போடும் ஸ்டியரிக் அமிலமும், ஹைட்ரஜன் ஏற்றிய ஆமணக்கு எண்ணெயும் இதே போன்ற வெள்ளைச் சில்லுகளாகத்தான் விற்கின்றன. ஸ்டியரிக் அமிலத்தில் 12-ஆம் கார்பனில் ஹைட்ராக்ஸில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதி) கிடையாது. அது இல்லாமல் 2 சதவீத அளவில் எண்ணெய் கட்டாது. படிகமாகி அடியில் இறங்கிவிடும். உங்கள் முதல் முயற்சியில் நடந்தது இதுவாக இருக்கலாம்.

அந்த ஒரு ஹைட்ராக்ஸில்தான் எல்லா வேலையையும் செய்கிறது. அமில முனைகள் இரண்டிரண்டாகச் சேர்கின்றன. ஹைட்ராக்ஸில்கள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு வரிசையாக நீள, மெல்லிய நார்கள் உருவாகின்றன. நார்கள் பின்னிக்கொண்ட வலைக்குள் 98 பங்கு எண்ணெய் அசையாமல் நிற்கிறது. ஆமணக்குச் செடி செய்வது ரிசினோலிக் அமிலம், அதில் ஹைட்ரஜன் ஏற்றித்தான் இந்த மூலக்கூறைப் பெறுகிறார்கள். செடி அதை வலக்கை, இடக்கை போன்ற இரு வடிவங்களில் ஒன்றாக மட்டுமே செய்கிறது. இரண்டையும் சரிபாதி கலந்தால் நாருக்குப் பதில் தகடு வளரும், பிடிப்பும் குறையும். இயற்கையின் இந்த ஒருபக்கச் சாய்வு இல்லாவிட்டால் உங்கள் ஜெல் இவ்வளவு உறுதியாகக் கட்டாது. மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

செய்முறை: ஈரமில்லாத பீக்கரில் 49 கிராம் எண்ணெய், 1 கிராம் அமிலம். அடுப்பில் நேரடியாக வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்குங்கள். முழுக்கத் தெளிந்த பிறகும் 10 நிமிடம் அதே சூட்டில் விடுங்கள். அமிலம் 75 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு மிஞ்சினால் அதைச் சுற்றிப் பருமனான படிகம் வளரும். பிறகு வெதுவெதுப்பான சோதனைக் குழாய்களில் ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வையுங்கள்.

ஆறும்போது கிளறுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. வளர்ந்துகொண்டிருக்கும் வலை அறுந்துபோகும். அறுந்த நார்கள் பழையபடி முழுக்கச் சேர்வதில்லை, எண்ணெய் கசியும். உங்கள் இரண்டாம் முயற்சி இதுதான். இன்னொரு காரணம் பாலக்காட்டு வெயில். 35 டிகிரி அறையில் மெதுவாக ஆறினால் நார்களில் கிளை குறைந்து வலை தளர்வாகும். குழாயைக் குளிர்ந்த தண்ணீரில் ஆட்டாமல் நிறுத்துங்கள். முழுக்க ஆறியபின் குழாயைத் தலைகீழாகப் பிடித்தால் ஒழுகக் கூடாது. தவறிப்போனாலும் பொருள் வீணில்லை. மூலக்கூறுகளுக்கு இடையே நிரந்தரப் பிணைப்பு இல்லாததால், மறுபடி தெளியும்வரை சூடாக்கி முதலிலிருந்து தொடங்கலாம். ஆய்வகத்துக்கென்று விற்கும் அமிலம் இது. ருசி பார்க்க யாரையும் விடாதீர்கள்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறதே, அதுவும் இதே ஜெல்தானா?
– வாசகர், மறையூர்

இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே தானே படிகமாகிறது. உறைவது எண்ணெயின் பெரும்பகுதி. மேலே சொன்ன ஜெல்லில் எண்ணெய் திரவமாகவே இருக்கும். கட்டியாவது 2 சதவீத அமிலம் மட்டும்.

ஜப்பானில் பொரித்த எண்ணெயைப் பொடி போட்டுக் கட்டியாக்கிக் குப்பையில் போடுகிறார்களாமே? என் கடையிலும் செய்யலாமா?
– பலகாரக் கடைக்காரர், வாளையார்

அந்தப் பொடியும் ஆமணக்கிலிருந்து வரும் இதே அமிலம்தான். அடுப்பை அணைத்துவிட்டு, சூடு ஆறுமுன் கிலோவுக்கு ஏறக்குறைய 30 கிராம் கலந்தால், ஆறியதும் அடை போல எடுக்கலாம். ஒரு வாணலி எண்ணெய் உள்ள வீட்டுக்கு நல்லது. கடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கிய ரூக்கோ திட்டத்தில், பயன்படுத்திய எண்ணெய் பயோடீசலுக்குப் போகிறது. அதில் இந்த அமிலம் கலந்தால், பயோடீசல் செய்யக் காரம் (ஆல்கலி) சேர்க்கும் கட்டத்தில் சோப்பாகிப் பயோடீசலைப் பிரிப்பது சிரமமாகும். அந்தத் திட்டத்துக்கு எண்ணெய் சேகரிப்போரிடம் எதுவும் கலக்காமல் விற்றுவிடுங்கள்.

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். தண்ணீரையும் இப்படிக் கட்ட முடியுமா? இந்த ஆய்வு நம் பக்கத்தில் நடக்கிறதா?
– மாணவி, களியக்காவிளை

நீங்கள் திருவனந்தபுரம் போகும் சாலையிலேயே பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பைச் சேர்ந்த நிஸ்ட் ஆய்வகம் இருக்கிறது. அங்கே அஜயகோஷ் குழுவினர் 2001-இல் பீனிலீன்வினைலீன் மூலக்கூறுகளால் ஒளிரும் ஆர்கானோஜெல்கள் (தண்ணீருக்குப் பதில் கரிமத் திரவத்தைக் கட்டும் ஜெல்கள்) செய்து காட்டினார்கள். மூலக்கூறுகள் நிரந்தரப் பிணைப்பின்றித் தாமே சேர்வதைப் படிக்கும் மீமூலக்கூறு வேதியியலில் அது பலரும் பின்தொடர்ந்த பாதை.

தண்ணீரையும் கட்டலாம். அதற்கு எஃப்மாக்-டைபீனைல்அலனின் (இணைந்த இரண்டு பீனைல்அலனின் அமினோ அமிலங்களின் முனையில் எஃப்மாக் என்ற தொகுதி ஒட்டியது) எடுங்கள். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் போட்டு, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச்சொட்டாக விட்டுக் கரையுங்கள். தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள், காரம் மிஞ்சினால் எஃப்மாக் தொகுதியே கழன்றுவிடும். அடுத்து அமிலமாக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சொட்டு விழுந்த இடமெல்லாம் கட்டி தட்டும். குளுக்கோனோ-டெல்டா-லாக்டோன் தண்ணீரில் மெதுவாகத்தான் அமிலமாகும். அதைப் போட்டு ஒரே ஒரு தடவை குலுக்கி, இரவு முழுக்கத் தொடாமல் வைத்தால் எங்கும் ஒரே சீராகக் கட்டும்.