பாஸ் குமுறும் அறை: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வீட்டு ஹைஃபை ஸ்பீக்கர்களின் பாஸ் (அடித்தொனிச் சத்தம்) பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கல்லடி: அண்ணன், ஓட்டு வீட்டில் நல்லாப் பாடின அதே பெட்டிகள் புது ஸ்லாப் வீட்டில் குமுறுது. அறை 14க்கு 10 அடி, உயரமும் 10. அம்பை (அம்ப்ளிஃபயரை) மாத்தவா?

அம்பைத் தொடாதீங்க தம்பி. ஓட்டு இடுக்குகளால் பாஸ் வெளியே போய்விடும். ஸ்லாப், பூசின கல் சுவர், டைல்ஸ் தரை மூன்றும் அதைத் திருப்பித் திருப்பி உள்ளேயே அடிக்கும். அப்போது எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில அலைவரிசைகள் மட்டும் நின்று பெருகும். அவை எவை என்று அறிய 573 ஐ அறையின் அடி அளவால் வகுங்க. (30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு சுமார் 349 மீற்றர் போகும், அதை அடியாக்கி அரைவாசி எடுத்தால் 573.) உங்கள் 14 அடிக்கு 41 ஹேர்ட்ஸ், 10 அடிக்கு 57. அகலமும் உயரமும் சமம் என்பதால் 57 இரண்டு பக்கமாகவும் வரும். பாஸ் கிற்றாரின் மிகத் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் வருவது 41 ஹேர்ட்ஸ். ஒரு பாட்டு அடக்கமாகவும் அடுத்தது இடியாகவும் கேட்பது அதனால்தான். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கனத்தால் கதை வேறு: அம்பில் பாஸைத் தூக்கிவிடும் லவுட்னஸ் பட்டன் அமுங்கிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்க.

பெட்டிகள் இரண்டையும் 10 அடிச் சுவர்ப் பக்கம் வையுங்க. பின்சுவரிலிருந்து இரண்டரை அடி, பக்கச் சுவரிலிருந்து இரண்டு அடி. இந்த இரண்டு தூரமும் சமமாக வேண்டாம். மூலை கூடவே கூடாது. நீங்கள் இருந்து கேட்கும் கதிரையை அதன் பின்சுவரில் முட்ட விடாதீங்க, பாஸ் அழுத்தம் சுவரோரம்தான் உச்சம். தலை அந்தச் சுவரிலிருந்து 5 முதல் 5½ அடியில், அகலத்தின் நடுவில் இருக்கட்டும். நடுவில் இருந்தால் அகலத்தால் வரும் 57 காதுக்குக் குறையும். உயரத்தால் வருவது மிஞ்சும், அதை ஈகியூவால் (குறிப்பிட்ட ஹேர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈகுவலைசரால்) பிடிக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஆறு அங்குலம் நகர்த்தி, தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, ஒரே பாட்டைப் போட்டுக் கேளுங்க.

அக்கரைப்பற்று: ரீவி அலுமாரித் தட்டுக்குள்தான் வைக்கலாம், வேற இடமில்ல காக்கா.

அப்படியென்றால் பெட்டியின் முகம் தட்டின் விளிம்புக்குச் சற்று வெளியே வரட்டும். சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பழைய தலையணைப் பஞ்சால் நிரப்புங்க. பெட்டியில் துவாரம் இருந்தால் ஸ்பொஞ்சைச் சுருட்டி அடையுங்க. கீழ் பாஸ் குறையும், மிச்சம் தெளியும். முழுக்க அடைத்துச் சத்தம் மெலிந்தால், நடுவில் ஓட்டை விட்ட ஸ்பொஞ்ச் வளையம் போதும். ஒன்று கவனம்: துவாரத்தை அடைத்தால் கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) கூடுதலாக ஆடும். வொலியூமை முன்பு போல ஏற்றாதீங்க.

ஏறாவூர்: சுவர் முழுக்க முட்டைத் தட்டும் ஓரங்குல ஃபோமும் ஒட்டினேன். கைதட்டல் எதிரொலி போயிற்று, குமுறல் போகவில்லை.

போகாது. 50 ஹேர்ட்ஸ் அலை ஏறத்தாழ 7 மீற்றர் நீளம். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை, அசையாத காற்றிலிருந்து ஃபோம் எதையும் பிடிக்க முடியாது. ஒட்டினதெல்லாம் மேல் சத்தத்தை மட்டும் தின்றுவிட்டு, பாஸை இன்னும் துருத்திக் காட்டும். பாதியைக் கழற்றிவிடுங்க.

வேண்டியது தடிப்பு. ஆறு அங்குல ரொக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சுப் பலகை), கன மீற்றருக்கு 40 முதல் 60 கிலோ அடர்த்தி, 2 அடி அகலம், 4 அடி உயரம், மரச் சட்டத்துக்குள். இரண்டு மூலைகளில் குறுக்காக நிறுத்தி, பின்னால் வெற்றிடம் விடுங்க. கையுறையும் முகக்கவசமும் போட்டு வெட்டணும். மேலே மருதமுனைக் கைத்தறித் துணி அழகாக இருக்கும். வாயால் ஊதினால் மறுபக்கம் காற்று வரும் துணியாகப் பாருங்க. இதனாலும் 80 ஹேர்ட்ஸுக்கு மேல்தான் நல்ல பலன். அதற்குக் கீழே இடமாற்றமும் ஈகியூவும்தான்.

காத்தான்குடி: சப்வூஃபர் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகுதாம். பனல் வைத்தால் நிற்குமா?

நிற்காது. பனல் அறைக்குள் கேட்பதைத்தான் திருத்தும். சப்பை அவர்கள் பக்கச் சுவரிலிருந்து விலக்கி, உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் வையுங்க. கிட்டே இருப்பதால் கெய்னை (சப்பின் சத்த அளவை) நன்றாகக் குறைத்தும் அதே பாஸ் உங்களுக்குக் கேட்கும். சப் எத்தனை ஹேர்ட்ஸ் வரை பாடணும் என்று வைக்கும் குரொஸோவரை 80க்கு மேல் ஏற்றாதீங்க. சப்பின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிச்சை 0, 180 இரண்டிலும் வைத்துக் கேட்டு, இருக்கையில் பாஸ் நிறைவாக வரும் பக்கத்தில் விட்டுவிட்டு, மறுபடி கெய்னை இறக்குங்க.

கல்முனை: ஈகியூ செய்ய மைக் இல்ல. போன் போதுமா?

போதும். கேட்ட ஹேர்ட்ஸில் ஒற்றைத் தொனி எழுப்பும் ரோன் ஜெனறேற்றர் அப்பை அம்புடன் இணைத்து, வொலியூமை மாற்றாமல் 30 முதல் 120 வரை 2 ஹேர்ட்ஸ் படியாக ஏற்றுங்க. கேட்கிற இடத்தில் இன்னொரு போனில் டெசிபல் மீற்றர்; அது 'சி' எடையில் (பாஸை அதிகம் குறைக்காமல் அளக்கும் அமைப்பில்) இருக்கணும். 'ஏ' எடை 50 ஹேர்ட்ஸில் 30 டெசிபல் குறைத்துக் காட்டும். போன் மைக் அடி பாஸில் மந்தம், ஆகவே மொத்த அளவை நம்பாமல் பக்கத்து எண்களைவிடத் துள்ளும் எண்ணைத் தேடுங்க. உதாரணமாக 58 துள்ளினால் அங்கே கியூ (திருத்தம் எவ்வளவு ஒடுக்கம் என்ற எண்) 5, மைனஸ் 5 டெசிபல் என்று தொடங்குங்க. எண் இறங்கும் பள்ளத்தை மட்டும் ஒருபோதும் தூக்காதீங்க: 10 டெசிபல் தூக்க அம்ப் பத்து மடங்கு வலு கொடுக்கணும், பள்ளமும் நிரம்பாது.

பாசிக்குடா: பாஸோடு 'பர்ர்' என்று ஒரு சத்தமும் வருது.

அது அறையின் குற்றமல்ல. கோனைச் சுற்றியுள்ள ஃபோம் ஓரம் ஈரப்பதத்தில் உக்கிப் பொடியும். விரலால் மெல்லத் தொட்டு, வெடிப்பு இருந்தால் கோனின் அளவுக்குச் சரியான றப்பர் வளையம் வாங்கி மாற்றுங்க. ஓரம் நல்லாயிருந்தால் யன்னல் கண்ணாடியையும் அலுமாரிக் கதவையும் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்க. அழுத்தும்போது சத்தம் நிற்கிற இடத்தில் ஃபெல்ற் துண்டு ஒட்டினால் சரி.