எழுத்தே தெரியாத மேனுவலை வைத்துக் கார் கட்டுவது எப்படி?

தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: காசு கொடுத்துப் பழைய காரின் ரிப்பேர் மேனுவல் வாங்கினேன், பிரித்துப் பார்த்தால் எல்லாம் கறுப்பு. சரி, அதிலிருந்தே தொடங்குவோம்.

மோரிஸ் மைனர் 1000 ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். இணையத்தில் “ஒரிஜினல் மேனுவல் மறுபதிப்பு” என்று வாங்கினேன். படங்களெல்லாம் மை கொட்டியதுபோல் இருக்கின்றன. வாங்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க முடியாதா? – சாட்ஸ்வொர்த் வாசகர்

முடியும். முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய மேனுவலில் போட்டோக்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக அச்சாகியிருக்கும். ஸ்கேன் செய்கிறவர் ஃபைல் சின்னதாக இருக்கட்டும் என்று கறுப்பு-வெள்ளை மட்டும் என வைத்துவிட்டால் சாம்பல் நிறமெல்லாம் ஒன்று கறுப்பாகும், இல்லையென்றால் காணாமல் போகும், கியர்பாக்ஸுக்குள் எந்த வாஷர் எங்கே உட்காருகிறது என்பது அந்தக் கறுப்புக்குள் புதைந்துவிடும். அதை ஒருவர் அச்சடிக்க, அந்த அச்சை இன்னொருவர் ஸ்கேன் செய்ய, நாலாவது தலைமுறை நகல் உங்கள் கைக்கு வருகிறது. விற்கிறவருக்கு அது கார் புத்தகமா சமையல் புத்தகமா என்பதுகூடத் தெரியாது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் மூன்று பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: மடித்து வைத்த வயரிங் டயகிராம், டார்க் அட்டவணை (நட்டு, போல்ட்டை எவ்வளவு விசையோடு முறுக்க வேண்டும் என்ற அளவுகள்), கியர்பாக்ஸைப் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டும் படம். அட்டைப் படம் எல்லாரும் அனுப்புவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வயரிங் டயகிராம் மூலப் புத்தகத்தில் பெரிய தாளாக மடித்து வைக்கப்பட்டிருந்தது, அதைச் சுருக்கி ஒரே பக்கத்தில் அடைத்திருந்தால் அந்தப் பதிப்பைத் தொடாதீர்கள். மூன்று பக்கம் அனுப்ப மாட்டேன் என்கிற ஆளிடம் வாங்கவே வேண்டாம்.

மைனருக்குக் கம்பெனி மேனுவலின் எண் ஏகேடி 530. பிரிட்டனின் புரூக்லேண்ட்ஸ் புக்ஸ் பல பிரிட்டிஷ் கார்களின் மேனுவல்களை முறைப்படி அனுமதி பெற்று மறுபதிப்பு செய்கிறது, மைனரின் மேனுவலும் அதில் உண்டு. தாராளமாக வாங்கலாம். ஆனால் பயன்படுத்திய பிரதி வாங்கினால் எந்த ஆண்டுப் பதிப்பு என்று கேளுங்கள். 1962இல் 948 சிசி என்ஜின் போய் 1098 சிசி வந்தது, முன் பிரேக் டிரம்மும் ஏழு அங்குலத்திலிருந்து எட்டானது. அதற்கு முந்திய பதிப்பின் நகல் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் 1098 வைத்திருப்பவருக்குப் பாதிதான் உதவும். மைனரைத் தயாரித்த பிஎம்சியின் மேனுவல்களில் பக்கத்தின் அடியில் “இஷ்யூ” எண் இருக்கும். கம்பெனி திருத்திய பக்கங்களை மட்டும் புதிதாக அடித்து அனுப்பியது, டீலர்கள் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினார்கள். செருக மறந்த புத்தகத்தை யாராவது ஸ்கேன் செய்திருந்தால் அந்த மறதியும் சேர்ந்தேதான் வரும்.

அண்ணா, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பின் ஆக்சில் நட்டுக்கு டார்க் 217ஆ 247ஆ? என் பிரதியில் நடு எண் மங்கிவிட்டது, பக்கத்தில் 30 மட்டும் தெளிவாக இருக்கிறது. – ஃபீனிக்ஸ் வாசகர்

217தான் தம்பி. ஆனால் என்னிடம் கேட்காமலேயே நீங்கள் கண்டுபிடித்திருக்கலாம், மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் மங்கின மேனுவலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

அந்தக் கால மேனுவல்கள் ஒரே அளவை இரண்டு அலகுகளில் கொடுக்கும், அடி-பவுண்டில் ஒன்று, கிலோகிராம்-மீட்டரில் ஒன்று. இரண்டும் ஒரேயடியாக மங்குவது அபூர்வம். கிலோகிராம்-மீட்டரை 7.233ஆல் பெருக்கினால் அடி-பவுண்டு. உங்கள் பக்கத்தில் 30 என்று தெளிவாக இருக்கிறதே, 30ஐப் பெருக்கினால் 217, முடிந்தது. 247 என்றால் அங்கே 34 இருந்திருக்க வேண்டும். அதே காரில் ஃபிளைவீல் நட்டு 35, அதாவது 253. மைனர்காரர்களுக்கு சிலிண்டர் ஹெட் நட்டு 40 அடி-பவுண்டு, பக்கத்தில் 5.5 இருக்கும், பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். வேறு மேனுவலில் நியூட்டன்-மீட்டர் இருந்தால் அடி-பவுண்டை 1.356ஆல் பெருக்க வேண்டும்.

இடைவெளி அளவுக்கும் இதே வழிதான். ஸ்கேனில் முதலில் செத்துப்போவது தசமப் புள்ளி. மைனரின் டேப்பெட் கேப் .012 அங்குலம், புள்ளி போய் 012 என்று நிற்கும். பக்கத்தில் .305 மில்லிமீட்டர் இருக்கும். 25.4ஆல் பெருக்கினால் இரண்டும் பொருந்துகின்றனவா என்று தெரிந்துவிடும். பொருந்தாவிட்டால் எதையும் முறுக்காதீர்கள், இன்னொரு பிரதியைப் பார்க்கிற வரைக்கும் ஸ்பேனர் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பீட்டிலுக்கு அமெரிக்காவின் பென்ட்லி மேனுவல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நம் ஊர்க் காருக்கு ஒத்துவருமா? – வெருலம் வாசகர்

அச்சு அருமை, படங்கள் தெளிவு. என்ஜின், கியர்பாக்ஸ் வேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அது அமெரிக்க, கனடியக் கார்களுக்கு எழுதியது. ஸ்டியரிங் இடது பக்கம், 1975 முதலான கார்களுக்குரிய பக்கங்களில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். இன்று கரீகா என்று பெயர் மாறிவிட்ட யூட்டன்ஹேக்கில் 1979 வரை கட்டிய நம் கார்களில் கார்புரேட்டர்தான். பின் சஸ்பென்ஷனையும் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு அத்தியாயத்தைப் பிரியுங்கள்: அமெரிக்காவில் 1969லேயே ஸ்விங் ஆக்சில் என்ற பழைய அமைப்பை விட்டுவிட்டார்கள், உங்கள் காரில் அது இருக்கலாம்.

என் அப்பாவின் ஆஸ்டின் அப்பாச்சிக்கு மேனுவலே கிடைக்கவில்லை. – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

அப்பாச்சி என்று தேடினால் கிடைக்காதுதான் அம்மா. 1971இல் கேப் பக்கம் பிளாக்ஹீத்தில் தொடங்கிய கார் அது, பிரிட்டனில் விற்கவேயில்லை. ஆனால் உள்ளே இருப்பது முழுக்க ஆஸ்டின் 1300: 1275 சிசி என்ஜின், ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷன், எல்லாம் அதேதான். அதனால் 1100/1300 ஒர்க்‌ஷாப் மேனுவலின் மறுபதிப்பை வாங்குங்கள், மெக்கானிக்கல் வேலை முழுவதும் அதில் முடிந்துவிடும். மிக்கெலோட்டி வரைந்த முன்பக்கமும் டிக்கியும்தான் வேறு, அதே உடலமைப்பை ஸ்பெயினில் ஆத்தி விக்டோரியா என்று விற்றார்கள். ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் அந்தக் காரின் பாகப் பட்டியலில் படங்கள் பேசும்.

ஒரு எச்சரிக்கை. 1960களில் தொடங்கி உள்நாட்டு உதிரிபாகங்களைக் கட்டாயமாக்கினார்கள், அதனால் தென்னாப்பிரிக்கக் கார்களில் பல பாகங்கள் இங்கேயே செய்தவை. இங்கிலாந்து மேனுவலின் பாக எண்ணை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள், பழைய பாகத்தைக் கையில் வைத்து அளந்துவிட்டுப் போடுங்கள்.

ஹேன்ஸ் பதிப்பகத்தின் ரிப்பேர் புத்தகம் இருக்கும்போது கார் கம்பெனி மேனுவல் எதற்கு? – லெனேஷியா வாசகர்

பிரேக், கிளட்ச், சர்வீஸ் வேலைக்கு ஹேன்ஸ் போதும், சொல்லப்போனால் வீட்டில் வேலை செய்கிறவருக்கு அதுதான் எளிது. கியர்பாக்ஸையோ டிஃபரன்ஷியலையோ திறக்கப் போகிறீர்களா? அப்போது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கணக்கும் ஸ்பெஷல் டூல் எண்ணும் வேண்டும், அதற்குக் கம்பெனி மேனுவல்தான்.

நிசான் 1400 பக்கிக்கு (சின்ன பிக்கப் வண்டி)? – டொங்காட் வாசகர்

2008 வரை ராஸ்லினில் செய்த வண்டி, உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. என்ஜின் ஏ14. என்ஜினுக்கும் வண்டிக்கும் தனித்தனியாகத் தேடுங்கள், டாட்சன் 1200க்கான பழைய கம்பெனி மேனுவலில் ஏ12 இருக்கும், அதே குடும்பம்தான், ஆனால் அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வரி உண்டா? – டர்பன் வாசகர்

உண்டு, புத்தகத்துக்கும் 15 சதவீத வாட். விலையோடு தபால் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், டிராக்கிங் எண் இல்லாமல் வாங்காதீர்கள்.

பிடிஎஃப் வைத்திருக்கிறேன், வயரிங் டயகிராமில் நிற எழுத்துகள் தெரியவில்லை. பி-யா ஆர்-ஆ? – இன்னொரு சாட்ஸ்வொர்த் வாசகர்

அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஏ3 தாளில் அச்சடியுங்கள், கறுப்பு-வெள்ளை வேண்டாம், கிரேஸ்கேல் என்று கடையில் சொல்லுங்கள். அப்புறமும் தெரியாவிட்டால் பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகம் செய்த லூக்கஸ் கம்பெனியின் வழக்கத்தை வைத்து ஊகிக்கலாம். எர்த் என்றால் கறுப்பு, அது பி. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேராக வருவது பிரவுன், அதற்கு என். இக்னிஷன் சாவி திருப்பினால் உயிர் வருவது வெள்ளை, அது ஃப்யூஸைத் தாண்டினதும் பச்சை. பார்க்கிங் விளக்குக்குச் சிவப்பு, அது ஆர். ஹெட்லைட்டுக்கு நீலம், அதற்கு யு. ஆகவே உங்கள் மங்கின எழுத்து பாடியில் போய் முடிந்தால் பி, பார்க்கிங் விளக்குக்குப் போனால் ஆர். ஒவ்வொரு வயரையும் அதன் நிறத்துப் பேனாவால் தாளில் வரைந்துகொண்டே போங்கள், முடிந்ததும் லேமினேட் செய்து பானெட்டுக்குள் மாட்டிவிட்டால் கிரீஸ் கையோடும் படிக்கலாம்.