ஒளிப்பவர் குன்றின் உச்சியிலா கட்டுவார்?

கேள்வி: இத்தாலியின் காஸ்டல் டெல் மோன்டே கோட்டையில் எங்கு பார்த்தாலும் எட்டு என்ற எண்தான் வருகிறது. அதில் ஒளிந்திருக்கும் ரகசியம் என்ன?

பதில்: ‘ஒளிந்திருக்கும்’ என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. வேற்றுக்கிரகத்தார் யாரும் பிரமிடு கட்டவில்லை என்று இதே பக்கத்தில் எழுதியதற்கு மாதக்கணக்கில் வசவுக் கடிதங்கள் வந்தன. இன்றும் என் கருத்து அதுதான்.

ஒளிக்க நினைப்பவர் 540 மீட்டர் உயரக் குன்றின் உச்சியில், சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும்படி கட்டுவாரா? எட்டுப் பக்கச் சுவர், மூலைக்கொரு கோபுரம், அந்தக் கோபுரமும் எண்கோணம், நடுமுற்றமும் எண்கோணம், தளத்துக்கு எட்டு அறைகள். இவ்வளவு உரக்கச் சொன்னதற்குப் பெயர் ரகசியமா?

கட்டியவர் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக். 1240 ஜனவரியில் கட்டுமானம் பற்றி அவர் அனுப்பிய உத்தரவு கிடைத்திருக்கிறது. அவருடைய பேரரசின் மகுடம் எட்டுத் தகடுகளால் ஆனது. 1215இல் அவர் அரசராக முடிசூடிய, ஜெர்மனியின் ஆஹன் நகரத் தேவாலயத்தின் நடுக்கூடம் எண்கோணம். அங்கே தொங்கும் சரவிளக்கு அவருடைய தாத்தா பார்பரோசா கொடுத்தது. அதற்கும் எட்டு வளைவுகள். ‘நான் பேரரசன்’ என்று அவர் கல்லில் எழுதினார் என்பதே என் வாசிப்பு.

என்னைக் கேட்டால், வியக்க வேண்டியது கொத்தனாரைப் பார்த்து. எண்கோணம் வரைய நூலும் முளைக்குச்சியும் போதும். கூரை போடும்போதுதான் வில்லங்கம். பதினாறு அறைகளுமே சரிவகம்: வெளிச்சுவர் நீளம், முற்றத்துச் சுவர் குட்டை. இதன்மேல் கல்லால் எப்படி வளைப்பது? அறையின் நடுவே ஒரு சதுரத்தைப் பிரித்து, அதன்மேல் மூலைக்கு மூலை குறுக்காகப் போகும் கல் விலாக்கள் கொண்ட குறுக்குவிலா வளைவை ஏற்றினார். இரு பக்கமும் மிஞ்சிய முக்கோணங்களுக்குத் தனியே கூர்வளைவுக் கூரை. எவ்வளவு தெளிந்த புத்தி! அந்த மனிதரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை என்பதில் எனக்கு மெய்யாகவே வருத்தம்.

மழைநீரையும் அவர்கள் வீணாக்கவில்லை. அதைப் பிடித்துவைக்கக் கோபுரங்களில் தொட்டிகள், முற்றத்தின் அடியில் பாறையைக் குடைந்து இன்னொரு தொட்டி. கோபுரங்களுக்குள்ளேயே கழிப்பறைகள். எட்டின் மகிமை பேசும் நூறு பேரில் ஒருவராவது அந்தத் தண்ணீர் போன வழியைத் தேடிப் பார்த்திருப்பாரா?

1266இல் பெனவென்டோ போரில் ஃபிரெடெரிக்கின் மகன் மான்ஃபிரெட் மாண்டார். வென்ற பிரெஞ்சு ஆன்ஜூ வம்சத்துச் சார்லஸ், மான்ஃபிரெட்டின் சின்னஞ்சிறு பிள்ளைகளை இதே கோட்டையில் அடைத்தார். தாத்தா கட்டிய சுவருக்குள் பேரப்பிள்ளைகள் பல ஆண்டுகள் கைதிகளாகக் கிடந்தார்கள். அவர்களைப் பற்றிக் கேட்டு இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை.