இரண்டு சர்வர் வந்துவிட்டது, மூன்றாவது ஓட்டு எங்கே?

கேள்வி: எங்கள் ஈஆர்பி மென்பொருள் (பில், கணக்கு எல்லாம் பார்ப்பது) மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்டில், ஒரே டேட்டாபேஸில் ஓடுகிறது. போன மாதம் சர்வரின் மதர்போர்டு போய், ஒன்றரை நாள் பில் போட முடியவில்லை. அதே மாடலில் இன்னொரு சர்வர் வாங்கித் தர முதலாளி சம்மதித்துவிட்டார். இரண்டிலும் விண்டோஸ் சர்வர் 2022 போட்டு, ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும்படி கிளஸ்டர் ஆக்கப் போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சர்வர் வாங்குவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். டேட்டா எங்கே இருக்கப் போகிறது?

எஸ்க்யூஎல் சர்வரில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஃபெயில்ஓவர் கிளஸ்டர் இன்ஸ்டன்ஸ். டேட்டா ஒரே இடத்தில் இருக்கும். இரண்டு சர்வரும் அதை எட்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் எழுதும். அதற்குப் பொதுவாகத் தனி ஸ்டோரேஜ் பெட்டி வேண்டும், அதுவும் இரட்டை கன்ட்ரோலருடன். மலிவான பெட்டியை வாங்கிவிட்டு அது போனால், இரண்டு சர்வரும் சேர்ந்து சும்மா நிற்கும். மற்றது அவைலபிலிட்டி குரூப். ஒவ்வொரு சர்வரும் தன் டிஸ்க்கில் தனிப் பிரதி வைத்துக்கொள்ளும். ஸ்டாண்டர்ட் பதிப்பில் 2016 முதல் இதன் சிறு வடிவம் கிடைக்கிறது: இரண்டு பிரதி, ஒரு குரூப்புக்கு ஒரே டேட்டாபேஸ். உங்களுக்கு இருப்பதே ஒரு டேட்டாபேஸ் என்பதால் இதைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: சாதாரண அமைப்பில் லாகின்களும் ஏஜென்ட் ஜாப்களும் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) டேட்டாபேஸோடு சேர்ந்து போகாது. இரண்டாவது சர்வரில் அவற்றை நீங்களே அமைக்க வேண்டும். இதை மறந்தவர்களுக்கு டேட்டாபேஸ் எழுந்துவிடும், ஆனால் ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது.

பலரும் சறுக்கும் இடம் குவோரம், அதாவது கிளஸ்டர் ஓடத் தேவையான ஓட்டுக் கணக்கு. இரண்டு சர்வருக்கும் நடுவே நெட்வொர்க் அறுந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டுமே உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் மற்றது செத்துவிட்டது என்று ஒவ்வொன்றும் நினைக்கிறது. இரண்டும் தானே தலைமை என்று எழுதத் தொடங்கினால் கணக்கு இரண்டாகப் பிளக்கும். அதனால்தான் பெரும்பான்மை ஓட்டு உள்ள பக்கம் மட்டும் ஓடும் என்று கிளஸ்டரில் விதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் இருந்தால் பெரும்பான்மை ஏது? விட்னஸ் (மூன்றாவது ஓட்டுப் போடும் சாட்சி) இல்லாத இரண்டு நோடு கிளஸ்டரில் (கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு) விண்டோஸ் ஒரு நோடின் ஓட்டைத் தானே எடுத்துவிடும். ஓட்டு இல்லாத நோடு திடீரென்று விழுந்தால் பிழைத்தீர்கள். ஓட்டு உள்ளது விழுந்தால் நல்ல சர்வரும் சேர்ந்து படுத்துவிடும்.

மூன்றாவது ஓட்டுக்குப் பெரிய செலவு ஆகாது. வேறொரு கணினியில் ஒரு ஷேர் ஃபோல்டர் போதும். இணைய இணைப்பு நம்பகமாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் கிளவுட் விட்னஸும் வைக்கலாம். அந்த ஃபோல்டரை இரண்டு நோடுகளில் ஒன்றிலோ, அதன் மேல் ஓடும் விர்ச்சுவல் மெஷினிலோ வைக்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே சாட்சியைத் தேடுவது போல ஆகிவிடும். டொமைன் கன்ட்ரோலரையும் (நெட்வொர்க்கில் நுழைபவர்களைச் சரிபார்க்கும் சர்வர்) நோடுகளுக்கு வெளியே வையுங்கள். இரண்டு சர்வரும் ஒரே யுபிஎஸ்ஸிலும் ஒரே ஸ்விட்சிலும் மாட்டியிருக்கின்றனவா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்!

அமைப்பதற்கு முன் ஃபெயில்ஓவர் கிளஸ்டர் மேனேஜரில் வேலிடேஷன் சோதனையை முழுதாக ஓட்டுங்கள். அதில் சிவப்பு வந்தால் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்தது உங்கள் ஈஆர்பி. அது டேட்டாபேஸை எந்தப் பெயரில் தேடுகிறது? பழைய சர்வரின் ஐபி எண் ஏதாவது கான்ஃபிக் ஃபைலில் உட்கார்ந்திருந்தால், கிளஸ்டர் ஒழுங்காக மாறினாலும் பில் வராது. எல்லா இடத்திலும் லிசனர் பெயரை, அதாவது எந்த சர்வர் ஓடினாலும் அதற்கே கொண்டுபோய்விடும் பொதுப் பெயரை, கொடுங்கள். மென்பொருளின் அப்ளிகேஷன் சர்வர் எந்தக் கணினியில் ஓடுகிறது, லைசென்ஸ் ஒரே இயந்திரத்தோடோ யுஎஸ்பி டாங்கிளோடோ கட்டப்பட்டிருக்கிறதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

“இனி நிற்கவே நிற்காது” என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று நோடுகள் அனுப்பிக்கொள்ளும் ஹார்ட்பீட் நொடிக்கு ஒன்று போகும், தொடர்ந்து பல தவறினால்தான் நோடு விழுந்ததாகக் கணக்கு. பிறகு டேட்டாபேஸ் எழ வேண்டும். பாதியில் நின்ற பில்லைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். ஒருவர் தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் அடுத்த பிரதியிலும் அது உடனே அழியும். தினசரி பேக்கப் வழக்கம்போல நடக்கட்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்துவிட்டு, ஓடும் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். மேனேஜரில் ‘மூவ்’ கொடுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது, அது சொல்லிவிட்டு வரும் விருந்தாளி. ஒரு பில் போட்டு, ஒரு ரிப்போர்ட் எடுத்து, இரவு ஜாப் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அன்றே இரண்டாவது முறை சோதிக்கும்போது ரோல் (கிளஸ்டர் பார்வையில் உங்கள் அவைலபிலிட்டி குரூப்) மாறாமல் விழுந்தே கிடந்தால் பதறாதீர்கள். இரண்டு நோடு கிளஸ்டரில் 6 மணி நேரத்துக்கு ஒரு தோல்விதான் இயல்பான வரம்பு. ரோலின் ப்ராபர்ட்டீஸில் ஃபெயில்ஓவர் தாவலில் அந்த எண்ணைச் சோதனைக்காகக் கூட்டிக்கொள்ளலாம்.