வாசகர் கேள்வி - பதில்: சபையின் அறிக்கையும் சந்தியில் கிடக்கும் குப்பையும்

கேள்வி: சுற்றாடல் இலக்குகளிலும் ஊழியர் நலன் இலக்குகளிலும் நல்ல முன்னேற்றம் என்று எங்கள் பிரதேச சபைக் கூட்டத்தில் அறிக்கை வாசித்திருக்கிறார்கள். சந்தியில் குப்பை அப்படியே கிடக்கிறது. எதை நம்புவது?
- நுவரெலியா மாவட்ட வாசகி

பதில்: கண்ணால் பார்ப்பதை நம்புங்கள். அப்புறம் அந்த அறிக்கையில் எதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இத்தனை கூட்டம் வைத்தோம், இத்தனை தொட்டி கொடுத்தோம், இத்தனை பேருக்குப் பயிற்சி என்று மட்டும் இருந்தால் அது போதாது. அள்ளிய குப்பையில் எவ்வளவு பசளையானது, எவ்வளவு மீள்சுழற்சிக்குப் போனது, மிச்சத்தை எங்கே கொட்டினார்கள், இந்த மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

நம் நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. மரக்கறி விளையும் நம் பக்கம் கேட்கவே வேண்டாம், லீக்ஸ் தழையும் கோவா இலையும் சந்தையில் மூட்டை மூட்டையாகச் சேரும். உங்கள் சபைக்குப் பசளை முற்றம் இருந்தால் ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். ஒழுங்காகப் பிரித்து, புரட்டி விடுகிற குவியலைக் கிளறினால் எந்தக் குளிரிலும் ஆவி பறக்கும், மண் வாசம் வரும். கூரையில்லாமல் மழையில் ஊறி, பொலித்தீன் கலந்து, கறுத்த தண்ணீர் வழிந்தால் அது வெறும் குப்பைமேடு. அந்தத் தண்ணீர் ஓடையில் இறங்கி கொத்மலை ஓயாவுக்கோ கெஹெல்கமு ஓயாவுக்கோ போய், கடைசியில் நீர்த்தேக்கத்தில் சேருகிறது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிற நாம் அதை மறக்கவே கூடாது.

ஊழியர் இலக்கைத் தனி விஷயமாக எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் வீட்டில் பிரித்துக் கொடுத்ததை எல்லாம் ஒரே டிரக்டரில் சேர்த்துப் போடுகிறார்களா? அவர்களைத் திட்டாதீர்கள். ஆள் குறைவு, வண்டி ஒன்று, பகலுக்குள் ஊர் முழுவதும் முடித்தாக வேண்டும். கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கிற பையை வெறுங்கையோடு யார் நின்று பிரிப்பார்? எலிக்காய்ச்சலும் ஏற்புவலியும் இந்த வேலையில் எப்போதும் இருக்கிற ஆபத்து. அதனால் ஒரு நாள் செயலமர்வை முன்னேற்றமாக எழுதியிருந்தால், கையுறையும் பூட்ஸும் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், தடுப்பூசி போட்டீர்களா, நிரந்தர நியமனம் இல்லாமல் இன்னும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல முடியாத சபையால் குப்பையையும் ஒழுங்காக அள்ள முடியாது.

கேள்வி: எங்கள் லயங்களுக்குக் குப்பை லொறி வருவதே இல்லை. தோட்டம் சபைக்குச் சொந்தமில்லை என்கிறார்கள். சரியா?
- தோட்ட இளைஞர் ஒருவர்

பதில்: அது பழைய கதை, தம்பி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களில் சபைப் பணத்தைச் செலவழிக்க விடாமல் கட்டிப்போட்டிருந்தது உண்மைதான். 2018இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி லயங்களுக்கும் சேவை செய்யலாம். அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன்பு நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு பெரிய சபைகளைப் பிரித்து, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனையும் சேர்த்து ஆறாக்கினார்கள். உங்கள் வாக்கும் சேர்ந்துதானே சபை அமைகிறது? லொறி லயம் வரை ஏற முடியாத பாதை என்றால், தார் ரோட்டில் எந்த நாளில், எத்தனை மணிக்கு நிற்கும் என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அறிக்கையின் பிரதி கேட்டால் இன்று நாளை என்று அலைக்கழிக்கிறார்கள்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், சார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது, அதற்கு மேலே ஆணைக்குழுவும் இருக்கிறது. அறிக்கையோடு நிற்காமல் மாதாந்தக் குப்பை நிறைப் பதிவு, கையுறை வாங்கிய பற்றுச்சீட்டு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்து மூல ஒப்புதலை அப்போதே தர அவர்கள் கடமைப்பட்டவர்கள், அதை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.